கடல் தொழிலில் இறங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலை, கயிறு, இன்ஜின் உதிரிப்பாகம் விற்கும் கடை எங்களுடையது. சாமான் வாங்க வருபவர்களோடு, "அண்ணே, இந்தத் தொழில்ல இறங்கலாமா?" என்று கேட்க வருபவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பணத்தோடு திரும்பியவர், பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் படகைப் பார்த்துக்கொள்ள நினைக்கும் பையன், மீன்கடை வைக்கப்போகும் தங்கச்சி என்று ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பார்த்தது கிழக்குக் கரை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

எங்க குடும்பத்துல யாரும் கடலுக்குப் போனதில்ல. நான் இந்தத் தொழிலுக்கு வர முடியுமா?

வரலாம், ஆனால் எந்த வாசல் வழியாக என்பதுதான் கேள்வி. நாகை, காரைக்கால், கடலூர் பக்கத்து மீனவக் கிராமங்களில் ஊர் பஞ்சாயத்து இன்றைக்கும் வலுவாக இருக்கிறது. எந்த வலையை எந்த நாளில் போடலாம், படகை எங்கே ஏற்றி நிறுத்தலாம் என்பதையெல்லாம் ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்கிறது. தெற்கே பல ஊர்களில் அந்த இடத்தில் கிறிஸ்தவப் பங்குக் கோயிலின் (சர்ச்) கமிட்டி இருக்கும். வெளியாள் பணத்தைக் கட்டி ஒரு பைபர் படகை வாங்கி, நினைத்த கரையில் இறக்கிவிட முடியாது. சட்டத்தில் தடை இல்லாவிட்டாலும் நடைமுறை இதுதான்.

துறைமுகத்தில் கட்டும் விசைப்படகில் நிலைமை கொஞ்சம் தளர்வானது. உள்மாவட்டத்து ஆட்களும் வடமாநிலத்து ஆட்களும் இப்போது வேலை செய்கிறார்கள். கரையில் நடக்கும் தொழிலான ஐஸ், வாகனம், வியாபாரம், பதப்படுத்துதல் எல்லாம் யாருக்கும் திறந்தே இருக்கிறது. குடும்பத்தில் கடல் பழக்கமே இல்லாதவர்கள் அந்தப் பக்கமாக உள்ளே வருவதுதான் சரி என்பது என் கருத்து. படகு வாங்குவது கடைசியில் செய்யவேண்டிய வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் முதலில் செய்ய நினைக்கிறார்கள்.

விசைப்படகு, பைபர், நாட்டுப்படகு... எல்லாம் படகுதானே, என்ன வித்தியாசம்?

விசைப்படகு என்றால் உள்ளே பெரிய டீசல் இன்ஜின் வைத்த மரப்படகு அல்லது இரும்புப் படகு. பெரும்பாலும் இழுவை மடி, அதாவது கடல் தரையோடு வாரி இழுக்கும் வலை போடும். ஒரு நாள் முதல் வாரக்கணக்கு வரை கடலில் தங்கும். பைபர் படகு கண்ணாடி இழையால் செய்தது. சின்ன இன்ஜின், மூன்று நான்கு பேர். விடியலுக்கு முன்பு போய் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தது இந்த வகைதான். கட்டுமரத்தின் இடத்தை எங்கள் பக்கத்தில் இதுவே பிடித்துக்கொண்டது. பாக் நீரிணைப் பக்கம் போனால் வத்தை, வள்ளம் என்று இன்னும் பல வகை.

அரசுக் கணக்கில் முக்கியமான கோடு விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடுவில் இருக்கிறது. இன்ஜின் பொருத்திய பைபர் படகும் நாட்டுப்படகில்தான் சேரும். கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது, விசைப்படகு அங்கே மடி இழுக்கக் கூடாது. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் அடிப்படையே இந்தப் பிரிவினைதான். ராமேஸ்வரத்தில் நாளைக்கூடப் பிரித்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு.

கடலுக்குப் போனா மாசம் எவ்வளவு சம்பளம்?

மாதச் சம்பளம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. பங்குதான். ஏலத்தில் வந்த தொகையில் ஏலக் கமிஷன், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிப்பார்கள். பிரிக்கும் விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் போன பைபர் படகில் 12,000 ரூபாய்க்கு மீன் ஏலம் போனது என்று வையுங்கள். கமிஷன் 600, டீசல் மற்ற செலவு 3,900. மிச்சம் 7,500. படகு, இன்ஜின், வலைக்கு இரண்டு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றால் மொத்தம் ஆறு பங்கு, பங்குக்கு 1,250. மறுநாள் 3,000 ரூபாய்க்குத்தான் மீன் என்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை, செலவு அடுத்த நாள் கணக்கில் ஏறும். விசைப்படகில் டிரைவருக்கும் இன்ஜின் பார்ப்பவருக்கும் கூடுதல் பங்கு உண்டு. தவிர எல்லோருக்கும் அன்றாடப் படி கொடுப்பார்கள்.

சேரும்போதே முதலாளி முன்பணம் கொடுப்பதும் வழக்கம். வாங்கினால் அதைத் திருப்பும் வரை வேறு படகுக்கு மாற முடியாது. படகுக்காரருக்கே, கரையில் மீனை ஏலம் விட்டு விற்றுத் தரும் ஏலக்காரர் கொடுக்கும் முன்பணம் அதைவிடப் பெரிய கதை, கீழே ஏலக்காரர் கேள்வியில் முழுசாக வரும்.

எனக்கு வண்டியில போனாலே வாந்தி வரும். கடல் ஒத்துக்குமா?

பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் பழகிவிடும். சிலருக்குப் பழகவே பழகாது. காசு போடுவதற்கு முன்பு தெரிந்தவர் படகில் சில முறை போய்ப் பாருங்கள். நீச்சல் தெரியாமல் மட்டும் போகாதீர்கள்.

படிச்சுட்டு இந்தத் தொழிலுக்கு வரணும்னா என்ன படிக்கலாம்?

கடலில் கப்பல் ஓட்டும் வேலை வேண்டுமா, கரையில் மீன்வள வேலை வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கப்பல் பக்கம் என்றால் சிப்நெட் என்று சொல்லும் மத்திய மீன்பிடிக் கடல்சார் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தலைமையிடம் கொச்சி. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் இரண்டாண்டுப் படிப்புகள் இரண்டு: ஒன்று படகு செலுத்துவது, இன்னொன்று இன்ஜின் பராமரிப்பு. பிறகு கடலில் வேலை செய்த அனுபவத்தோடு அரசின் தகுதித் தேர்வு எழுதி மேட், ஸ்கிப்பர், இன்ஜினியர் என்று ஏறலாம். இந்தச் சான்றிதழ் இந்திய மீன்வள ஆய்வுக் கப்பல்களிலும் வெளிநாட்டுக் கப்பல்களிலும் மதிக்கப்படும். நம்மூர் விசைப்படகில் யாரும் கேட்கமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கரைப் பக்கம் என்றால் நான்காண்டு மீன்வள அறிவியல் இளநிலைப் படிப்பு. நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கிய ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி முதலிய இடங்களில் கல்லூரிகள் உண்டு. தூத்துக்குடிக் கல்லூரி 1977-இலேயே வந்துவிட்டது. மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடு இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். படித்தவர்கள் டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வள ஆய்வாளர், உதவி இயக்குநர் ஆகலாம். ஏற்றுமதி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டிலும் இறால் பண்ணைகளிலும் வேலை கிடைக்கும்.

வருஷத்துல எத்தனை நாள் தொழில் நடக்கும்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு இது 45 நாளாக இருந்தது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் குமரி மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு ஒரு தேதி, குளச்சலுக்கு வேறு தேதி. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. தடைக்கால நிவாரணமாகத் தமிழக அரசு இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது.

தடையை மட்டும் கழித்துவிட்டு மற்ற நாளெல்லாம் தொழில் என்று கணக்குப் போடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஒவ்வொரு காற்றழுத்தத் தாழ்வு நிலைக்கும் "கடலுக்குச் செல்ல வேண்டாம்" எச்சரிக்கை. அப்புறம் ஊர்த் திருவிழா, துக்கம், வேலைநிறுத்தம், இன்ஜின் பழுது. கடன் தவணையோ வருஷம் பன்னிரண்டு மாதமும் வரும். தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வர்ணம் அடித்து, வலை கட்டும் பெரிய செலவும் வரும். வருமானமே இல்லாத மாதத்தில் செலவு உச்சத்தில் நிற்கும். இதைச் சமாளிக்கும் கையிருப்பு இல்லாதவர்கள்தான் ஏலக்காரரிடம் போகிறார்கள்.

எப்ப நல்ல விலை கிடைக்கும்?

எங்கள் கரைக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை. நமக்குத் தடை முடிந்துவிடும், கேரளாவில் விசைப்படகு இன்னும் கடலுக்குப் போகாது. அந்தப் பக்கத்து வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்பார்கள். ஆனால் தடை முடிந்து முதல் சில நாள் எல்லாப் படகும் ஒன்றாகக் கரைக்கு வருவதால் விலை சரியும். புரட்டாசியிலும் ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகையிலும் உள்ளூர் விற்பனை படுத்துவிடும். வஞ்சிரமும் வாவலும் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். மத்தி, காரப்பொடி, கிழங்கான் தாங்காது.

ஏலக்காரர் வட்டியில்லாம மூணு லட்சம் தர்றேங்கிறார். வாங்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வட்டி இல்லை என்பது உண்மைதான். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது, மீனை முதலில் விற்கும் உரிமை. முன்பணம் தீரும் வரை உங்கள் மீன் முழுதும் அவர் கை வழியாகத்தான் போகவேண்டும். கமிஷன் அவருக்கு. எடை அவர் தராசில். யாருக்கு எந்த விலையில் தள்ளிவிடுவது என்பதும் அவர் வார்த்தையில். கணக்குக்காகச் சொல்கிறேன்: வருஷத்துக்கு 15 லட்சம் ரூபாய் மீன் விற்கும் படகு, கமிஷனும் விலைக் குறைவும் சேர்த்து நூற்றுக்குப் பத்து இழந்தால் 1,50,000 ரூபாய். மூன்று லட்சத்துக்கு அது ஐம்பது சதவீத வட்டி. அசல் அப்படியே நிற்கும். ஏனென்றால் அசலைத் திருப்பி வாங்க அவருக்கு அவசரமே இல்லை.

ஏலக்காரர்கள் எல்லாம் வில்லன்கள் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஜின் உடைந்தால் பணம் தருவது அவர்தான், வங்கி மேலாளர் இல்லை. பெண் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்து கொடுங்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் தொகையைச் சின்னதாக வையுங்கள். ஒவ்வொரு ஏலத்திலும் இத்தனை ரூபாய் அசலில் கழியும் என்று முதல் நாளே பேசி நோட்டில் எழுதுங்கள். வஞ்சிரம், சிங்கி இறால், கணவாய் மாதிரி விலை உயர்ந்த மீனையாவது வெளியில் விற்கும் உரிமையைக் கேட்டுப் பாருங்கள். குமரி மாவட்டத்தில் மீனவர் சங்கங்கள் தாங்களே ஏலம் நடத்தி, கமிஷனிலிருந்தே சேமிப்பையும் கடனையும் சேர்த்து நடத்துகின்றன. சிஃப்ஸ் என்று அழைக்கப்படும் தென்னிந்தியக் கூட்டமைப்பு இப்படித்தான் வளர்ந்தது. எங்கள் கரையில் அது அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான்.

அப்ப பேங்க்ல கடன் கிடைக்குமா?

நடைமுறைச் செலவுக்கு உழவர் கடன் அட்டை இருக்கிறது. 2018-19 முதல் மீனவர்களுக்கும் தருகிறார்கள். வட்டி 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். இதன் வரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மேலே சொன்ன ஐம்பது சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரச்சினை வட்டியில் இல்லை, காகிதத்தில்தான். படகுப் பதிவு உங்கள் பெயரில் இருக்கவேண்டும், கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்தால் நல்லது, ஏல ரசீதுகளைச் சேர்த்து வைத்திருக்கவேண்டும். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கிழித்துப் போடும் பழக்கம்தான் பல பேருக்கு வங்கிக் கதவை மூடுகிறது.

புதுப் படகுக்கு எவ்வளவு ஆகும்? மானியம் பாதி தருவாங்களாமே?

பிரதமர் மீன்வளத் திட்டம் 2020-இல் வந்தது. அதில் ஆழ்கடல் படகு ஒன்றின் மதிப்பை 1 கோடியே 20 லட்சம் என்று வைத்தார்கள், பாரம்பரிய மீனவருக்கான படகும் வலையும் சேர்ந்த அலகை 5 லட்சம் என்று வைத்தார்கள். மானியம் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். உண்மைச் செலவு இந்த மதிப்பைத் தாண்டும், தாண்டியது உங்கள் பாடு. அப்புறம், மானியம் வரும் நாளும் படகு கட்டும் தச்சருக்குப் பணம் கொடுக்கும் நாளும் ஒன்றாக இருக்காது. இடைவெளிக்கு யாரிடம் கடன் வாங்குவீர்கள் என்று யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மானியம் இருக்கிறது என்பதற்காகப் பெரிய படகுக்குப் போகாதீர்கள். படகு பெரிதானால் டீசல், ஆள், ஐஸ், வலை எல்லாம் பெரிதாகும். அதற்கு மானியம் கிடையாது.

பழைய படகு வாங்கினா பரவாயில்லையா?

பரவாயில்லை, பல பேருக்கு அதுதான் சரியும்கூட. மரப்படகு என்றால் கரையேற்றிய நிலையில் பாருங்கள், தண்ணீரில் மிதக்கும்போது பார்த்துப் புண்ணியமில்லை. அடிப்பலகை இணைப்புகளில் கூரான ஊசி எளிதாக இறங்கினால் மரம் செத்துவிட்டது. இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக ஓடிக்கொண்டிருந்தால் கேள்வி கேளுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் போய் அந்தப் பதிவு எண்ணில் அபராதம், வழக்கு, வங்கிக் கடன் எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். விற்பவர் ஏலக்காரருக்குத் தரவேண்டிய முன்பணம் இருந்தால், அது படகோடு சேர்ந்து உங்கள் தலையில் விழும். எந்தக் காகிதத்திலும் இருக்காது, கரையில் நாலு பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

பதிவு, உரிமம் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. பதிவு என்பது படகு யாருடையது என்று சொல்வது. இப்போது மத்திய அரசின் ரியல்கிராப்ட் இணையதளம் வழியாக நடக்கிறது, அந்த எண்ணைப் படகில் பெரிதாக எழுதவேண்டும். உரிமம் என்பது மாநிலச் சட்டப்படி மீன் பிடிக்க அனுமதி. 240 குதிரைத்திறனுக்கு மேல் இன்ஜின் வைத்த படகுக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை. அதிவேகச் சீன இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிக்க விசைப்படகுகள் அதே இணையதளத்தில் கட்டணமில்லா அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சிறு, பாரம்பரியப் படகுகளுக்கு அதிலிருந்து விலக்கு.

வரியில்லா டீசல் எவ்வளவு கிடைக்கும்?

விற்பனை வரி விலக்கோடு வருஷத்துக்கு விசைப்படகுக்கு 19,000 லிட்டர், இன்ஜின் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். ஓடாத படகுக்கு வாங்கி வெளியில் விற்றால் மாட்டுவீர்கள்.

மீன் எங்க இருக்குன்னு போன்லயே தெரியுமாமே?

ஓரளவு தெரியும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடத்தைக் கணித்துத் தமிழிலேயே சொல்கிறது. வானம் மூடியிருந்தால் கணிப்பு வராது. இது மேல்மட்ட மீனுக்கு உதவும், தரையோடு கிடக்கும் கணவாய்க்கும் இறாலுக்கும் அவ்வளவாக உதவாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியில் அலை உயரமும் காற்றும் சேர்த்து வரும். என்னைக் கேட்டால் மீன் தகவலைவிட அந்த அலைத் தகவல்தான் முக்கியம். மற்றபடி ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், அப்புறம் நீரோட்டம் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவர். அந்த மூன்றாவது மட்டும் கடையில் கிடைக்காது.

கடலுக்கே போகாம மீன் தொழில் பண்ண முடியாதா?

அதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரையில் வாங்கி உள்ளூர் நகரங்களுக்கு வீட்டு விநியோகம் செய்வதில் இளைஞர்கள் நன்றாக வருகிறார்கள். திருவாரூர், மன்னார்குடி, தஞ்சாவூர் எல்லாம் காலையில் ஏலம் எடுத்து மதியத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். இதில் லாபத்தைத் தீர்மானிப்பது ஐஸ். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். ஐஸில் மிச்சம் பிடிப்பவர் சாயங்காலம் பாதி விலைக்குத் தள்ளுவார். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். மீன் கெடாமல் இருக்கச் சிலர் கலக்கும் பார்மலின் ரசாயனத்துக்கான சோதனை எந்த நேரமும் வரும், உங்களுக்கு விற்றவர் கலந்திருந்தாலும் மாட்டுவது நீங்கள்.

கருவாட்டைச் சின்னத் தொழில் என்று தள்ளாதீர்கள். தரையில் மணலோடு காயவைத்த நெத்திலிக்கும், மேடைமேல் வலைவிரித்துச் சுத்தமாகக் காயவைத்த நெத்திலிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. எங்கள் பக்கத்துப் பெண்கள் குழுக்கள் அந்த இடைவெளியில்தான் சம்பாதிக்கிறார்கள். வரத்து அதிகமாகி மீன் விலை விழும் நாளில் இவர்கள்தான் வாங்கிப்போடுகிறார்கள்.

நேரா எக்ஸ்போர்ட் பண்ணா நல்ல காசாமே?

நேராக ஏற்றுமதி செய்ய எம்பெடா என்னும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு, ஏற்றுமதி ஆய்வு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பதப்படுத்தும் ஆலை, ஐரோப்பாவுக்கு என்றால் எந்தப் படகு எங்கே பிடித்தது என்று காட்டும் மீன்பிடிச் சான்று எல்லாம் வேண்டும். புதிதாக வருபவருக்கு இது எட்டாது. எட்டக்கூடியது, ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கணவாய், நீல நண்டு, இறால் பொறுக்கிக் கொடுக்கும் கொள்முதல் வேலை. இதில் ஆபத்து கடன்தான். கரையில் நீங்கள் ரொக்கம் கொடுக்கவேண்டும், நிறுவனம் வாரக்கணக்கில் இழுக்கும். ஒரு சரக்கு தரம் போதாது என்று திரும்பினால் முழு நஷ்டமும் உங்களுடையது. வெளிநாட்டுக் கட்டுப்பாடுகளும் திடீரென்று வரும். கடலாமைகளை வலையிலிருந்து தப்பவிடும் கருவி நம் படகுகளில் இல்லை என்று, கடலில் பிடித்த நம் இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது.

சுருக்குமடி போட்டா ஒரே நாள்ல லட்சக்கணக்குல வருதே. நாமளும் போடலாமா?

சுருக்குமடி என்பது மீன் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் பெரிய வலை. தமிழகக் கடல் எல்லையான 12 கடல் மைலுக்குள் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், அந்த எல்லைக்கு அப்பால் மட்டும், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனையோடு அனுமதித்தது. அந்த நேரத்துக்குள் போய் வலைவிட்டு வருவது எவ்வளவு நடக்கும் என்று தொழில் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தைவிடப் பெரிய பிரச்சினை ஊர்ப் பகை. நாகை, மயிலாடுதுறை, கடலூர் கரைகளில் இந்த வலைக்காக ஊரும் ஊரும் மோதியிருக்கின்றன. ஒரே வளையில் ஒரு மத்திக் கூட்டம் முழுசாகப் போய்விட்டால் நீரோட்டத்தில் மிதக்கவிடும் வழிவலை போடும் பக்கத்து ஊர்க்காரருக்கு அன்றைக்கு அடுப்பு எரியாது, அவருடைய கோபம் நியாயம்தான். வலையின் விலையே பல லட்சம். பறிமுதல் ஆனால் கடன் மட்டும் மிஞ்சும். வேண்டாம் என்பதே என் பதில்.

இலங்கைப் பக்கம் போனாத்தான் மீன் கிடைக்குதுன்னு சொல்றாங்களே?

கிடைக்கும், ஏனென்றால் நம் பக்கத்துத் தரையை இழுவை மடி போட்டு நாமே சுரண்டிவிட்டோம். 1974, 1976 ஒப்பந்தங்களில் எல்லை வகுக்கப்பட்டது. 2017-இல் இலங்கை தன் கடலில் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. மறுவருஷம் அயல்நாட்டுப் படகுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. பிடிபட்டால் ஆட்கள் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்பலாம், இரண்டாவது முறை பிடிபட்டவருக்குச் சிறைத் தண்டனை. படகு பெரும்பாலும் திரும்பாது. கச்சத்தீவு உரிமை தனி விவாதம், படகுக் கடன் தவணைக்கு அது பதில் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அங்கே நம் இழுவை மடியில் சிக்கி வலை அறுபடுவது யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழ் மீனவனுக்கு. போர் முடிந்து இப்போதுதான் அவன் மறுபடி கடலுக்குப் போகிறான்.

அப்ப ஆழ்கடலுக்குப் போகச் சொல்றீங்களா?

தெரிந்தவர்களுக்கு அது நல்ல தொழில். குமரி மாவட்டத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் கொச்சியிலிருந்து கிளம்பி வாரக்கணக்கில் கடலில் கிடந்து நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலில் சுறாவும் சூரையும் (டூனா) பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். அது தலைமுறைப் பழக்கம். பாக் நீரிணை இழுவைப் படகுகளை மாற்ற 2017-இல் ஒரு திட்டம் வந்தது. படகுக்கு 80 லட்சம், அதில் மத்திய அரசு 50, மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10 சதவீதம், இலக்கு 2,000 படகு. கடலில் இறங்கியவை அதில் சின்னப் பங்குதான். ஒரு நாள் போய் வந்து பழகியவரை மூன்று வாரக் கடலுக்கு மாற்றுவது படகு கொடுத்தால் மட்டும் நடக்காது. சூரைக்கு நல்ல விலை கிடைக்கும் சந்தையும், அதைக் கெடாமல் கொண்டுவரும் குளிர்வசதியும் வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் அந்தக் குமரி ஊர்கள் இழந்தது எத்தனை பேரை என்பதையும் மறக்கவேண்டாம். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கைபேசி எட்டாத தூரத்தில் இருந்தார்கள். இப்போது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியை இலவசமாகப் பொருத்துகிறார்கள். அரசு நம்மைக் கண்காணிக்கும் என்று சிலர் அணைத்து வைக்கிறார்கள். முட்டாள்தனம்.

கடல் அட்டை, கடல் குதிரை வலையில தானா வந்தா விக்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை, உயிரோடு கடலில் விடவேண்டும். திமிங்கலச் சுறாவும் அப்படியே. இடைத்தரகர் காட்டும் விலையைப் பார்த்து மயங்கினால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனா சீக்கிரம் கடன் அடையுமா?

அடைந்தவர்களும் உண்டு. ஆனால் அங்கேயும் பல இடங்களில் பங்குதான், மீன் இல்லாவிட்டால் காசு இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் சிறைக்குப் போவது படகில் இருப்பவர், முதலாளி அல்ல. வெளியுறவு அமைச்சகத்தில் பதிவான முகவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

கடல்ல ஏதாவது ஆச்சுன்னா குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

மேலே சொன்ன பிரதமர் மீன்வளத் திட்டத்தின் கீழ் பதிவான மீனவருக்கு விபத்துக் காப்பீடு உண்டு. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. பிரீமியம் நீங்கள் கட்டவேண்டாம், ஆனால் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். மீனவர் நலவாரியத்தில் தனியாகப் பதியுங்கள். பங்குக்குப் போகும் கூலியாட்கள்தான் இதை அலட்சியமாக விடுகிறார்கள்.

கடலில் காணாமல் போய் உடல் கிடைக்காவிட்டால், இறந்ததாகக் கொள்ளச் சட்டப்படி ஏழாண்டு காத்திருக்கவேண்டும். ஒக்கிக்குப் பிறகு அரசு தனியாக விதியைத் தளர்த்தியது, எல்லா நேரமும் அப்படி நடக்கும் என்று நம்பமுடியாது. அதனால் படகு கிளம்பும்போது யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலைக் கரையில் விட்டுவிட்டுப் போவது கட்டாயம். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டில் ஒரு பெயரும் படகில் வேறு ஆளும் இருந்தால், அந்த ஆளின் குடும்பம் அலைந்தே தீரவேண்டும்.

நானும் மச்சானும் சேர்ந்து படகு வாங்குறோம். யார் பேர்ல பதியறது?

கூட்டுப் படகு எங்கள் கரையில் சகஜம், அதில் சண்டையும் சகஜம். பதிவு யார் பெயரிலோ அவர் கணக்கில்தான் டீசல் சலுகை, புயல் நிவாரணம், மானியம், வங்கிக் கடன் எல்லாம் ஓடும். கஜா புயலில் படகு உடைந்தபோது நிவாரணப் பணத்தைப் பிரிப்பதில் பேச்சு முறிந்த பங்காளிகளை எனக்குத் தெரியும். இருவரில் ஒருவர்தான் சங்க உறுப்பினர், ஒருவர்தான் கடலுக்குப் போகிறார் என்றால் அவர் பெயரில் பதிவதே வசதி. மற்றவருக்கு முத்திரைத்தாளில் பங்கு ஒப்பந்தம் எழுதுங்கள்.

அதில் மூன்று விஷயம் கட்டாயம் வரவேண்டும். கடலுக்குப் போகிறவருக்கு ஆள் பங்கு தனி, முதலீட்டுப் பங்கு தனி. வலை, இன்ஜின் மாற்ற ஒவ்வொரு ஏலத்திலும் எடுத்து வைக்கும் தொகை எவ்வளவு, அது யார் கணக்கில். ஒருவர் விலக நினைத்தால் படகுக்கு விலை மதிப்பது யார். மூன்றாவதற்கு எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பெயரையும் படகு கட்டும் தச்சர் ஒருவர் பெயரையும் எழுதிவிடுவார்கள். இருவரும் உங்கள் இரண்டு பேருக்குமே சொந்தக்காரர் இல்லாதவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.